வாளிக்கு ஓர் இடம்

மூன்றாம் மாடியில் சுவர்த்தாளை உரித்தார்கள்.
அடியில் பச்சை, அதனடியில் ரோஜா,
அதற்கும் அடியில் 1911ஆம் ஆண்டுச் செய்தித்தாள்:
பனிச்சரிவு, பசு விலை,
யாரோ ஒரு கோமகளின் வருகை.

கட்டடக் கலைஞர் பிராய்டா காடுஃப்
எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டார்,
எதையும் வைத்துக்கொள்ளவில்லை.
வெள்ளைச் சுண்ணாம்பு போதும் என்றார்.
ஜன்னல் மட்டும் பெரிதானது. எங்கடீன் மலை
உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தது,
காலணியைக் கழற்றாமல்.

மார்ச்சில் மாதிரி அறை தயார்.
முதலாளி தட்டிப் பார்த்தார்: லார்ச் மரம், கல், பித்தளை.
ஏதும் சொல்லவில்லை; பிடித்திருக்கிறது என்று பொருள்.

துடைக்க வந்த தெயோலிந்தா
நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"அழகு. வாளியை எங்கே வைப்பது?"

எங்கும் இல்லை.
பழைய அறையில் கதவுக்குப் பின்னால்
ஒரு முழ மூலை இருந்தது,
நூறு வருட வாளிகள் தேய்த்த வட்டத்தோடு.
வீண் இடம் என்று
வரைபடத்தில் அதைச் சிவப்பில் அடித்திருந்தார் பிராய்டா.

அன்றிரவு பென்சிலைச் சீவி
அறுபத்தெட்டு அறைகளிலும்
சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளினார்.

இலையுதிர் காலத்தில் வந்த புகைப்படக்காரன்
அந்த மாடத்தின் முன் நெடுநேரம் நின்றான்.
என்ன துணிச்சல், என்றான்,
ஒன்றுமில்லாமைக்கு இவ்வளவு இடம்!

வாளியோடு நடைவழியில்
காத்திருந்தாள் தெயோலிந்தா.