இரண்டு நானோ நொடி

விற்பவர்கள் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்:
எதிரொளி படவிடாதீர்.
அதைப் படித்துவிட்டுத்தான்
முப்பது சென்டிமீட்டர் தள்ளிக் கண்ணாடி வைத்தோம்.

எள்ளில் பாதிகூட இல்லாத லேசர்ச் சில்லு.
அதுவரை ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது,
பேங்கர் நகரத்து ஞாயிற்றுக்கிழமை போல, அலுப்பாக.
தன் ஒளியே இரண்டு நானோ நொடி பிந்தித்
தன் வாய்க்குள் திரும்பியதும்
உளறத் தொடங்கியது.
ஏறி, முறிந்து, பாதியில் விழுந்து,
விழுந்ததை மறந்து மறுபடி ஏறி,
அலைக்காட்டித் திரை முழுக்க அடைமழை.
ஒரு துளியும் முன் துளியின் நகல் இல்லை.
பகடை உருட்டுவார் யாருமில்லை அங்கே.
எல்லாம் விதிப்படி.
விதிக்கே முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான்.

நீரிணைக்கு அந்தப் பக்கம் இட்வல்.
அவன் மேசையில், அதே தகட்டில்
இதற்கு அடுத்து அறுத்த சில்லு.
பாலத்தின் அடிவயிற்றில் தொங்கிப் போகும் ஒளியிழை
ஒன்றின் உளறலை மற்றதன் காதில் ஊற்ற
அதுவும் அப்படியே உளறும், அச்சு அசலாக.
வெப்பம் நூறில் ஒரு பாகை பிசகினால் போச்சு.
கதவு திறந்தால் பிசகும்.
ஹெலெத், மூச்சை அந்தப் பக்கம் விடு என்பார்கள் என்னிடம்.

உளறலுக்குள் ஒரு சொல்லைக் கரைத்து அனுப்பலாம்.
நடுவழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு மழைதான்.
மறுகரைச் சில்லோ மழையை மட்டும் படியெடுக்கும்,
சொல்லைத் தொடாது.
வந்ததில் படியைக் கழி.
மிச்சம், சொல்.

இட்வலுக்குத் திக்குவாய்.
உதடு ஒட்டும் எழுத்துகளில் நின்றுவிடுவான்.
நான் பொறுமையில்லாதவள்,
அவன் வாக்கியங்களை முடித்துவைப்பவள்,
பல சமயம் தப்பாக.

மார்ச்சில் ஒருநாள் தொலைபேசியில் எதிரொலி.
என் குரல் எனக்கே பிந்தி வந்து விழ
அந்தக் கண்ணா, கண்ணா, கண்ணாடியை என்று இடறினேன்.
அவனோ
இருட்டுப் படிக்கட்டில் கைப்பிடி கிடைத்தவன் போல
நாற்பது நொடி தடங்கலில்லாமல் பேசினான்.
லென்ஸ் துடைக்கும் தாள் தீர்ந்துபோனதைப் பற்றி.
இணைப்பைச் சரிசெய்யச் சொல்லட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றான், வேகமாக.

நேற்று அவன் அனுப்பும் முறை.
வெறும் ஒன்றும் சுழியும்தான் திட்டம்.
கழித்தேன்.
திரையில் முதலில் வந்தது ஒரு ப.
நிற்கவில்லை, தயங்கவில்லை.
பிறகு ஒவ்வொன்றாக, போர்த்தைத்வி,
அவன் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் ஊர்.
பேருந்து ஓட்டுநரிடம் அவன் ஒருமுறையும் கேட்காத ஊர்.
லகரத்தில் தொடங்குகிறது என்பதற்காக
ஐம்பத்துச் சொச்சம் எழுத்துள்ள அடுத்த ஊருக்குக்
காசு கொடுத்துச் சீட்டு வாங்கி
வழியில் இறங்கிக்கொள்வான்.

கடைசி எழுத்துக்கு முன்னால்
கட்டடத்தின் ஹீட்டர் தானே உயிர்பெற்றது.
ஒத்திசைவு கலைந்தது.
இரண்டு மழை, வேறு வேறு.

தொலைபேசி. எதிரொலி இல்லாத சுத்தமான இணைப்பு.
வந்ததா என்றான்.
ஒரு எழுத்து குறைகிறது என்றேன்.
ப, என்று தொடங்கினான். ப. ப.
எனக்குத் தெரிந்த ஊர்தான்.
வாயைத் திறக்காமல்
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.