பாதிக்கடல்

லங்காஸ்டர் ஆவணக்கூடம்
நாலரைக்கு மூடிவிடும்.
பென்சில் மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள்.

தேடி வந்தது ரிப்சன்.
எங்கள் தபால்பெட்டியில் இருப்பது,
அப்பாவின் டிராக்டர் கடைமேல் துருவேறியது.

கப்பல் பட்டியலில் ரிப்சன் இல்லை.
ரீப்சாமன் இருக்கிறான்.
கடுகுக்கு ஒன்றுவிட்ட ஏதோ ஒரு விதையாம்.
பிலடெல்பியா எழுத்தர்
காதில் விழுந்த மட்டும் எழுதி
மீதியை ஆற்றில் விட்டார்.

பிரபு வம்சம் என்பாள் வெல்டா அத்தை.
பிரபுவின் கையெழுத்து
ஒரு பெருக்கல் குறி.
மை கொஞ்சம் அதிகமாய் ஊறியிருக்கிறது.

அடுத்த தாள் ஒப்பந்தம்.
மகள் அப்பொலோனியா, வயது பதினான்கு,
மாவுமில் முதலாளிக்கு ஏழு வருஷம்:
நாலு, தன் கப்பல் கூலிக்கு.
மூன்று, தம்பி யோஸ்ட்டுக்கு.

யோஸ்ட் கரை இறங்கவில்லை.
பாதிக்கடலுக்கு முன்னால் செத்தால் கூலி கிடையாது,
தாண்டிவிட்டால் முழுசும்.
தாண்டிய நாள் கணக்கை
யாரோ அழகான எழுத்தில் குறித்திருக்கிறார்கள்:
இரண்டு.

லூத்தரன் கோயில் பதிவேட்டில்
ஆறாம் வருஷம் ஒரு ஞானஸ்நானம்.
தாய் அப்பொலோனியா ரிப்சன்.
தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.
ஓரத்தில் வேறொரு கை:
'குற்றத்துக்கு இன்னும் ஒரு வருஷம்.'
பிள்ளையின் பெயர் யோஸ்ட்.

ஆக,
இந்தப் பெயர்
எந்தப் பிரபுவும் தந்ததில்லை.

பிரதிக்கு ஒரு பக்கம் ஐம்பது சென்ட்.
மூன்று பக்கம்.
சில்லறையை எண்ணினேன்,
சரியாக இருந்தது,
மறுபடி எண்ணினேன்.