பற்றுச்சீட்டு இலக்கம் ஒன்று

வந்தாறுமூலை, ஆய்வுகூடம் இரண்டு.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சூரை
நாலு நாளாய்ச் செத்துக்கொண்டே இருக்கிறது.
பக்கத்தில் நகத்தளவு தாள்,
காக்கணம்பூ நீலம்.
மீன் கெடக் கெட அது பச்சையாகும்.

ஆறு வருசம், மூன்று கட்டுரை,
ஒரே மின்வெட்டில் போன நூற்றிப்பத்து மாதிரிகள்.
கலாநிதி பவதாரணி சொல்லி முடிக்க
நான் கேட்டேன்:
"இத ஆரு காசு குடுத்து வாங்குவாங்க?"

அந்தப் பார்வையில் நான் மறுபடியும்
வங்கிக் கடன் அதிகாரி ஆனேன்.
"எல்லாரும்" என்றார்.
எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை.
அதைச் சொல்லத்தான்
பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் தருகிறது.

விடிய நாலரை, வாழைச்சேனைத் துறைமுகம்.
ஆதம்லெவ்வை முதலாளி தாளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்ல சாமான் டொக்டர்.
ஆனா பச்சையானா என்ட மீன் கிடக்கும்.
என்ட வாயில மண் போட
நானே காசு குடுக்கயா?"
தராசுக்காரப் பொடியன் சிரித்தான்.
பவதாரணி கொப்பியை மூடினார்.

பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது.
பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல்,
ஐஸ் லொறி ஓட்டுகிற றிஸ்மீர்:
"மேடம், ஏத்தக்குள்ளயே பாதி பச்சை எண்டா
போட்டோ புடிச்சி வெக்கலாமா?"

பேலியகொடையில் இறக்கும்போது
வழியில நீதான் பழுதாக்கின என்று
வாடகையில் வெட்டுவார்களாம்,
மாதம் ரெண்டு தரம், மூன்று தரம்.

நான் வாய் திறக்குமுன்
பவதாரணி கேட்டார்:
"ஒரு தாளுக்கு எவ்வளவு தருவீங்க?"

மறுகா எட்டு மாதம்.
ஐஸ்தண்ணி பட்டால் சாயம் கழன்றது.
பங்கு எத்தனை வீதம் என்று
குழு கூடியது, தேத்தண்ணி குடித்தது, கலைந்தது.
கம்பனிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில்
விரிவுரையாளர் என்று எழுதி,
வெட்டி,
திரும்பவும் அதையே எழுதினார்.
வெட்டியதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பற்றுச்சீட்டு இலக்கம் ஒன்று.
இருநூறு தாள், ஆறாயிரம் ரூபா.
றிஸ்மீர் எண்ணி வைத்துவிட்டு
லொறியை ஓடவிட்டபடியே வந்ததால்
அவசரமாய்ப் போனார்.

பவதாரணி ஒரு நோட்டை எடுத்து
மூக்கருகே பிடித்தார்.
"சூரை" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"நேற்றையது."