முப்பத்தைந்து குதிரைகள்

முப்பத்தைந்து என்று விற்றவன் சொன்னான்.
ஆம்னியில் எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில்.
ஆக, அத்தனையின் முதுகிலும்
நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன்.
தொடை வேகிறது.

மேட்டுப்பாளையத்தில் எண்ணினால் கணக்கு சரியாக இருக்கும்.
எட்டு மூட்டை மைதா, நாலு டின் வனஸ்பதி.
குஞ்சப்பனை தாண்டியதும்
ஒவ்வொன்றாய் மூச்சு வாங்கி உட்காரும்.
மலையில் காற்று மெலிசு.
மனுஷருக்கே பற்றாததில்
நாலு கால் ஜீவன் என்ன செய்யும்.
கொண்டை ஊசியில் முதல் கியர்.
பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே
என் பரம்பரையை விசாரிப்பான்.

டர்போ கிர்போ என்று கோவையில் ஒருத்தன் சொன்ன தொகைக்கு
ஊட்டியில் நிஜக் குதிரையே ரெண்டு வாங்கலாம்.
நான் வர்க்கி போடுகிறவள்.

டானிங்டனில் இத்ரீஸ் ஷெட்.
"புதுசு எதுக்குக்கா,
தொலைஞ்சதைத் தேடுவோம்" என்றான்.

ஏர் ஃபில்டரைத் தட்டினான். மைதா விழுந்தது.
மூன்று வருஷமாய் என் வண்டி
நாற்பது பரோட்டாவுக்கான மாவைச் சுவாசித்திருக்கிறது.
புது ஃபில்டர் நூற்றி நாற்பது.
ஒன்றரைக் குதிரை.

மூன்று பிளக், மூன்றும் கரி.
கம்பி பிரஷ், ஒரு ஊதல். காசு வாங்கவில்லை.
அரை இருக்கும்.

கார்புரேட்டரின் வயிற்றுக்குள்
சுண்டைக்காய் விதை மாதிரி ஒரு பித்தளை, நடுவில் துளை.
சமவெளிப் பசிக்குப் போட்ட துளை.
"இங்க காத்து கம்மி. இம்புட்டு பெட்ரோலைக் குடிச்சா
வாந்திதான் எடுக்கும்."
செத்துப்போன ஒரு எண்ணூறின் ஜெட்டைக் கழற்றி
அறுபது ரூபாய்க்கு மாட்டினான்.
புகையின் கறுப்பு போயிற்று. ரெண்டு.

டிஸ்ட்ரிபியூட்டரை அரை நகம் திருப்பிவிட்டு
மேட்டில் ஓட்டிக் காது கொடுங்க என்றான்.
தாளிக்கும் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம் வந்தால்
மிஞ்சிவிட்டோம் என்று அர்த்தம்.
கட்டபெட்டு ஏற்றத்தில் பொரிந்தது.
ஒரு மயிரிழை பின்னால். அடங்கிற்று.

நடுவில் நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்.
பெட்ரோலில் ஊற்றும் மருந்து, பாட்டில் இருநூற்றி எழுபது,
லேபிளில் பிடரி சிலிர்த்த கறுப்புக் குதிரை.
ராத்திரி லாயத்தில் இருந்ததென்னவோ பரிதான்.
விடிந்து பார்த்தால்
ஊளையிட்டபடி எல்லாம் சோலைக்குள்.
மதுரையில் ஒரு ராஜாவுக்கு நடந்தது
எனக்கு மட்டும் நடக்கக்கூடாதா.

கொழுந்தன் மாட்டிவிட்டுப் போன ஸ்பீக்கர் பெட்டி
முப்பது கிலோ. இறக்கினேன்.
அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அப்படியும் ஏதோ பின்னாலிருந்து இழுத்தது.
இத்ரீஸ் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை
ஒரு பின்சக்கர டிரம்மில் துப்பினான்.
சுர்ரென்றது.
மற்றதில் துப்பினான். சத்தமில்லை.

ஹேண்ட்பிரேக் கேபிள்.
மூடுபனியில் துருவேறி, விட்டும் விடாமல்.
"எத்தனை வருஷமாக்கா
பிரேக்கைப் போட்டுக்கிட்டே மலை ஏறுறீங்க?"

வண்டிக்குச் சம்பந்தமில்லாத வருஷங்களாய்
நாக்கு நுனிக்கு வந்தன.
சும்மா நின்றேன்.

நாலு சொட்டு மண்ணெண்ணெய், கொஞ்சம் கிரீஸ்,
கூலி ஒரு பாக்கெட் வர்க்கி.
ஐந்து குதிரை அந்தச் சக்கரத்திலேயே கட்டிக் கிடந்திருக்கின்றன,
அசை போட்டுக்கொண்டு.
குதிரை அசை போடாது என்றான் இத்ரீஸ்.
என்னுடையவை போடும்.

வியாழக்கிழமை. அதே மைதா, அதே வளைவு.
இரண்டாம் கியரிலேயே ஏறிற்று.
பஸ்காரன் ஹாரனில் கை வைக்கவில்லை.

அரவேணுவுக்கு முன்னால், எஞ்சின் ஆற
நான் எப்போதும் நிறுத்தும் இடம்.
சூடு காட்டும் முள் பாதியில் சாதுவாய் நின்றது.
ஆற வேண்டியது எதுவும் இல்லை.
தாண்டிவிட்டேன்.

கண்ணாடியில் மாதியம்மா.
ஒரு கையில் டீ டம்ளர்,
மறு கையில் ரேடியேட்டருக்கான தண்ணீர்க் குடம்.
ரோட்டோரம் வந்து நின்றிருந்தாள்.

ரிவர்ஸில் அவ்வளவு தூரமும் இறக்கம்.
குதிரை எதுவும் தேவைப்படவில்லை.