வந்த விதம்

பதிவேட்டில் ஏழாவது கட்டம்: வந்த விதம்.
அதில் நானூற்றுப் பதினோரு முறை
நன்கொடை என்று எழுதியிருக்கிறேன்.
கை பழகிவிட்டது. 'ந' போட்டால் போதும்,
மிச்சத்தைப் பேனாவே எழுதிக்கொள்ளும்.

புரசைவாக்கத்தில், துணிக்கடைகளின் முதுகுப் பக்கம்
இரண்டு மாடி வீடு.
கீழே வெள்ளிச் சாமான், பாக்குவெட்டிகள்.
மேலே பீங்கான், வண்ணக் கண்ணாடி,
பர்மாவிலிருந்து கப்பலேறிய அரக்குப் பெட்டிகள்.
அனுமதி இலவசம். ஏசி இருபத்திரண்டில்.
மே மாதக் கூட்டம் கலைக்காக வருவதில்லை.
அதை நாங்கள் பெரிதுபடுத்துவதுமில்லை.

நிறுவியவர் அம்பலவாணன். அடகுக்கடைக்காரர்.
மறைக்கவில்லை; வாசல் கல்லில்
அப்படியே வெட்டச் சொன்னார்.
முப்பத்தெட்டு வருஷம்
மீட்க ஆள் வராத வெள்ளியை
உருக்க அனுப்பும் முன்
விளக்கடியில் ஒருதரம் திருப்பிப் பார்ப்பாராம்.
சிலதை ஒதுக்கி வைப்பாராம்.
"அழகா இருந்ததை உருக்க மனசு வரலை,"
திறப்பு விழாவில் சொன்னார்.
வீடும் அவர் கொடுத்தது,
என் சம்பளமும்.
கை தட்டினோம்.
அழகில்லாதவை உருகின என்பது
கைதட்டும் நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

போன புதன்கிழமை, மூன்றாம் பெட்டி முன்னால்
ஓர் அம்மாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.
பெயர் தேவகிருபை. பெரம்பூர்.
மருமகள் புடவை எடுத்து முடிக்கும்வரை
வெயிலுக்கு ஒதுங்கியவர்.

உள்ளே பன்னீர்ச்செம்பு:
நீண்ட கழுத்து, மூக்கில் கிளி,
வயிற்றைச் சுற்றி மாங்காய்க் கொடி.
பக்கத்தில் நான் எழுதிய குறிப்பு:
"அடிப்பகுதியின் நசுங்கல், காலத்தின் தடம்."

"காலம் இல்லீங்க," என்றார். "லாரி."

தண்ணி லாரி. தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி.
குடமெல்லாம் பந்தலுக்குப் போயிருக்க,
வரிசையில் இடம் போடக்
கையில் கிடைத்தது இதுதானாம்.
பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில்
வெள்ளிக்கிளி உட்கார்ந்திருக்க
லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்தான்.
"நல்லவேளை, சக்கரம் முழுசா ஏறலை.
அவ புருஷன் வீட்டுல
சொட்டையைச் சுவத்துப் பக்கம் திருப்பியே வெச்சிருந்தோம்."
எட்டாம் மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
மேலே சொல்ல நான் இந்த இடத்தில் வேலை பார்ப்பதே போதும்.

"ரசீது இருக்கா?"
கேட்டுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

"வட்டி கட்டினவரைக்கும் இருந்துச்சு."

பிறகு குனிந்து, கிளியின் மூக்கருகே
கண்ணாடியில் விரல் வைத்து,
"உள்ளே கழுவினீங்களா? நாங்க கடைசியா ஊத்தினது
பன்னீர் இல்லை. தண்ணியில ரோஸ் எசென்ஸ்."
போன் அடித்தது. மருமகள்.
திருப்பிக் கேட்காமலே போனார்.
கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்:
மறுப்பதற்கு விதிகள் உண்டு.

திங்கட்கிழமை விடுமுறை.
கண்ணாடியில் மூன்று விரல் தடம்.
துடைக்கவில்லை, இன்னொரு நாள் இருக்கட்டுமென்று.
புதிய குறிப்பை அம்பலவாணன்
விளக்கடியில் பிடித்துப் படித்தார்,
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
"எவ்வளவு வட்டி போட்டேன்னு சொன்னாங்களா?"
"இல்லை சார்."
வெகுநேரம் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.
"லாரின்னே போடு."
கையெழுத்திட்டார்.

பதிவேட்டைப் பிரித்தேன்.
பழைய சொல்லை அடித்துவிட்டு, அதே கட்டத்தில்,
பழக்க தோஷம், 'ந' விழுந்துவிட்டது.
பேனாவைப் பிடித்து நிறுத்தினேன்.
நசுங்கி, என்று முடித்தேன்.

மீதி நானூற்றுப் பத்துக்கு
யார் வெயிலுக்கு ஒதுங்குவார்களோ.