எந்தக் கை

டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
ஒரு வாடகை அறை. சனிக்கிழமைகளில்
அதற்குப் பரிசோதனை மையம் என்று பெயர்.
தலைக்கு இவ்வளவு என எனக்குக் கூலி.
டுலூத்தில் மார்ச் முடிவதும் பனிக்காலத்தில்தான்.

ஐலா நியெமி. வயது முப்பத்தெட்டு.
ராணுவத்தில் எரிபொருள் லாரி ஓட்டியவள்.
கந்தஹாருக்கு வெளியே ஒரு சரிவில் வண்டி புரண்டது.
"குண்டு இல்லை, தோட்டா இல்லை, வெறும் சரளைக்கல்"
என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்,
மன்னிப்புக் கேட்பவள் போல.
மேற்கை எலும்பு மூன்றாக உடைந்து,
தகடு வைத்து, தகடு எடுத்து, மறுபடி வைத்து.

கோட்டைக் கழற்ற நான்கு நிமிடம்.
முதலில் நல்ல கை, பிறகு மற்றது,
கிழியாமல் சுவரொட்டியை உரிக்கிறவளின் கவனத்தோடு.
எழுந்தேன். வேண்டாம் என்றது அவள் கண்.
கோட்டு கழற்றும் நேரத்துக்குப்
பாரத்தில் கட்டம் கிடையாது.

கோணமானி மலிவான பிளாஸ்டிக்.
இரண்டு கால், நடுவில் ஒரு ஆணி.
தழும்புக்குப் பக்கத்தில் வைத்தேன்; சில்லிட்டுச் சிலிர்த்தாள்.
"பக்கவாட்டில் தூக்குங்கள்.
வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்."

நிறுத்தவில்லை.
இவர்கள் எல்லோருக்கும் இதே வியாதி,
தூக்கு என்றால் தூக்குவார்கள்.
தோள்பட்டை ஏறிக் காதைத் தொட்டது;
கை ஏறவில்லை.
"தோளை இறக்கிவிட்டு," என்றேன்.
நாற்பத்திரண்டு டிகிரி.
இன்னொரு முறை. நாற்பத்தொன்று.
மூன்றாவது முப்பத்தெட்டு, கூடவே பற்கள் அரைபடும் சத்தம்.

அட்டவணை எனக்கு மனப்பாடம்.
தோள் மட்டம் வரை வந்து நின்றால் இருபது சதவீதம்.
பாதி வழியிலேயே நின்றால் முப்பது,
அது எழுதும் கையாக இருந்தால்.
இல்லையென்றால் அதுவும் இருபதுதான்.

"எந்தக் கையால் எழுதுவீர்கள்?"
"வலது," என்றாள்,
அன்று காலை முதல்முறையாக நிமிர்ந்து.
"என் மகனும் நானும் ஒரே வருஷம் பழகினோம்.
சமையலறை மேசையில், அவனுடைய கோடு போட்ட நோட்டில்.
அவன் எழுத்துதான் அழகு."

பேனா கட்டத்தின் மேல் நின்றது.
பாரத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டேன்:
"அதற்கு முன்னால்?"
"அதற்கு முன்னால் இடது.
பந்து எறிந்தது, கியர் போட்டது,
குழந்தைக்கு ஊட்டியது.
ராணுவத்தில் சேர்ந்த அன்று போட்ட கையெழுத்தும்
இந்த இடதுதான்."
பிறகு, தாழ்ந்த குரலில்:
"அது இப்போது கணக்கில் வருமா?"

எனக்கென்ன தெரியும்?
ஒரு பெண் இரண்டு வருஷம் உட்கார்ந்து
எழுத்தைத் திரும்பக் கற்றிருக்கிறாள்.
கற்றதற்கு அபராதம் பத்து சதவீதம்.
கற்காமல் சும்மா இருந்திருந்தால்
இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இருந்திருக்கும்.

ஏரியில் இந்த வருஷத்தின் முதல் கப்பல்
ஹார்ன் அடித்தது. பாலம் பதில் அடித்தது.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம், எதுவும் தெரியாது அங்கிருந்து.
ஆனால் தெரியும்: இந்நேரம் பாலம்
தன் முழு உடம்பையும் கிடையாகத் தூக்கி நிற்கும்,
எத்தனை டிகிரி, எங்கே வலிக்கிறது
என்று யாரும் கேட்காமல்.

'இடது' என்று எழுதினேன்.
கீழே குறிப்பில்: வலது பின்னால் பழகியது,
காயத்தின் காரணமாக.
எங்கோ ஒரு மேசையில் ஒருவர்
இதன் மேல் கோடு இழுக்கலாம். இழுக்காமலும் போகலாம்.

கையெழுத்துப் போட்டாள்.
ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக,
பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல.
காகிதம் நகராமலிருக்க
இடது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்,
வலது கையால்.

கோட்டை எடுத்தேன்.
இந்த முறை கண் ஒன்றும் சொல்லவில்லை;
முதுகைத் திருப்பி நின்றாள்.
போடும்போது வரிசை மாறும்:
முதலில் மற்றக் கை, பிறகு நல்லது.
பொத்தான்களை அவளே போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.
முழங்கால்.