இடுப்புப் பட்டை

எட்டு மணி என்று சீட்டில் போட்டிருந்தது.
எட்டேகால் வரை பூனோ துறையில் நின்றது படகு,
ஒரு கேஸ் அடுப்புக்காக.
அடுப்பைத் துணியில் கட்டி முதுகில் சுமந்து
எர்மெலிந்தா கல்சின் வந்தாள்.
அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.
சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வாங்கியது.

மூவாயிரத்து எண்ணூறு மீட்டர்.
கடலைத் தலைச்சுமையாக மலைமேல் ஏற்றியவன்
எங்கே இறக்குவதென்று தெரியாமல்
இன்னும் நிற்கிறான்,
அப்படி ஒரு அசையாமை அந்த நீருக்கு.
உப்பு இல்லை. மீன்வாடை இல்லை.
மண்டைக்குள் மட்டும் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தீவு கோரையால் ஆனது. மிதந்தது.
கால் வைத்தால் அமுங்கி
ஒரு கணம் யோசித்துவிட்டுத் தாங்கியது.
ஒரு பொடியன் ஓரத்தில் குனிந்து
தரையில் ஒரு தண்டைப் பிடுங்கி, உரித்து,
வெள்ளைக் குருத்தை நீட்டினான். தின்றேன்.
வெள்ளரிக்காயை நினைத்துக்கொண்டு
தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.
அண்டை வீட்டாரோடு ஒத்துப்போகாவிட்டால்
ரம்பம் எடுத்துத் தீவையே அறுத்துக்கொண்டு
வேறு தண்ணீருக்குக் குடி போய்விடுவார்களாம்.
அவன் அப்பா சிரிக்காமல் சொன்னார்.

அதற்கப்புறம்
எந்தக் கரையும் பக்கத்தில் இல்லாத இடத்தில்
எஞ்சின் இருமி நின்றது.

பெல்ட் அறுந்துவிட்டது.
படகோட்டி செலெடோனியோ அதைத் தூக்கிக் காட்டினான்,
செத்த பாம்பைக் காட்டுவதுபோல.
ஒரு டச்சுக்காரன் கைப்பேசியை வானத்துக்கு நீட்டி
சிக்னல் தேடினான்.
நான் கரையைத் தேடினேன்.
எர்மெலிந்தா எங்கள் மூஞ்சிகளைப் பார்க்கவில்லை,
பைகளைப் பார்த்தாள்.
ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்து
என் பையின் இடுப்புப் பட்டையில் கை நிறுத்தி
என்னிடம் ஏதோ கேட்டாள்.
பாராட்டுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.
அதற்குள் கத்தி வந்துவிட்டது.

கப்பியைச் சுற்றி என் பட்டை.
முடிச்சு ஒவ்வொரு சுற்றிலும் தட்டித் தாண்டியது,
டக், டக், டக்,
நடந்து போகிற வேகத்தில் அமந்தானி தீவுக்குப் போனோம்.
தெற்கே பொலிவியாவின் பனிமலைகள்
வெள்ளையிலிருந்து ரோஜாவாகி, சாம்பலாகி, இல்லாமல் போயின.
யாரும் பேசவில்லை.
முடிச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு அவள் வீட்டில்தான் படுக்கை.
புது அடுப்பை நடுக்கூடத்தில் வைத்தார்கள்.
பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.
சிலிண்டர் இருந்தது. குழாய் இருந்தது.
ரெகுலேட்டர் பூனோ கடையிலேயே இருந்தது.
எர்மெலிந்தா இடுப்பில் கை வைத்து நின்று,
பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.
யூகலிப்டஸ் சுள்ளிப் புகையில் வெந்த ஓகா கிழங்கும்
பொரித்த பாலாடைக்கட்டியும்
முன்யா இலைத் தேநீரும்.
ஆணி அடிப்பவர்கள் சற்றே ஓய்ந்தார்கள்.
நடுநிசியில் கழிப்பறைக்குப் போனவன்
வந்த வேலையை மறந்து
கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன்.

மறுநாள் திரும்பும்போது
செலெடோனியோ கட்டணத்தில் இரண்டு சோல் குறைத்தான்.
எர்மெலிந்தா காசைக் கையில் திணித்து
விரல்களால் ஒரு வட்டம் காட்டினாள், இவ்வளவு பெரியது,
வியாழக்கிழமைப் படகில் கொடுத்துவிடு.

பூனோ சந்தையில் அதற்கு என்ன பெயரென்று தெரியவில்லை.
ஸ்ஸ்ஸ் என்று ஊதிக் காட்டினேன்.
முதல் கடையில் சைக்கிள் பம்ப் எடுத்தார்கள்.
இரண்டாம் கடையில் கொசு மருந்து.
மூன்றாம் கடைக்காரி நான் ஊதுமுன்பே
அமந்தானியா என்று கேட்டாள்.

வியாழன் காலை, இடுப்புப் பிடிப்பில்லாத பை
தோளை அறுக்க, துறைக்கு ஓடினேன்.
எட்டு தாண்டியிருந்தது.
படகு நின்றுகொண்டிருந்தது,
உள்ளே புது முகங்கள் எரிச்சலோடு கடிகாரம் பார்த்தபடி.
பொட்டலத்தை எறிந்தேன். செலெடோனியோ பிடித்தான்.

புது பெல்ட் வாங்கியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.
துறையை விட்டு விலகும்போது கேட்டது,
டக், டக்.